வெப்பநிலை ஆட்சியும் கம்பியிணைப்பின் பிழையும்

தொழிற்சாலை உலையொன்றில் வெப்பநிலை வேண்டிய அளவில் நில்லாவிடத்து, பலரும் முதலிற் பழிப்பது வெப்பநிலைநிறுத்தியையே. கருவியை மாற்றுவர், குறையோ மாறாது நிற்கும். கருவி தனக்குக் கிடைத்த செய்திக்கேற்பவே தொழிற்படுகின்றது. அச்செய்தியைக் கொண்டுவரும் கம்பி பிழைபட்டிருப்பின் அஃது யாது செய்யும்? ஆதலின் கம்பியிணைப்பில் நேரும் பிழைகளையும் அவற்றைக் கண்டறியும் முறையையும் ஈண்டு நோக்குவாம்.

வேறுபட்ட இரு உலோகங்களாலான சுற்றில் ஒரு பொருத்தைச் சூடாக்கின், அருகிலுள்ள காந்தவூசி திரும்புதலை 1821 ஆம் ஆண்டில் சீபெக்கு என்பார் கண்டார். அது மின்னோட்டத்தின் விளைவென்பது பின்னர்த் தெளிவாயிற்று. இவ்வுண்மையே வெப்பவிணைக்கு அடிப்படை. உலைகளிற் பெரிதும் பயிலும் 'கே' வகை வெப்பவிணையில் குரோமெல் நேர்முனையாகவும் அலுமெல் மறைமுனையாகவும் அமையும். இது பாகையொன்றுக்கு ஏறத்தாழ 41 மைக்குரோவோற்று அளவே தரும். இத்துணைச் சிறிய அழுத்தத்தைக் கொண்டே பெரிய உலை ஆளப்படுகின்றது.

பிழைகளுள் முதலாவது, முனைகள் மாறுதல். வெப்பவிணையின் கம்பிகளை மாற்றி இணைப்பின், உலை சூடேறச் சூடேறக் காட்டி இறங்கும். உலை குளிர்ந்துள்ளதெனக் கருவி கொண்டு, மேன்மேலும் வெப்பத்தை ஏவும்; முடிவு உலையின் அழிவு அல்லது தீ. அமெரிக்க முறையிற் சிவப்புறை மறைமுனையைக் குறிக்கும். சிவப்பை நேர்முனையெனக் கொள்ளும் பழக்கமுடையார் இங்கே எளிதில் ஏமாறுவர்.

இரண்டாவது, நீட்டற்கம்பியிற் பிழை. இணைப்புத்தலை 60 பாகையிலும் கருவி 30 பாகையிலும் உள்ளன எனக் கொள்வோம். இடையே உரிய உலோகக் கம்பிக்குப் பதிலாகச் செப்புக் கம்பி இடின், காட்டி ஏறத்தாழ 30 பாகை குறைத்துக் காட்டும். உரிய கம்பியையே இரு நுனிகளிலும் மாற்றி இணைப்பின் பிழை இருமடங்காகி 60 பாகையாம். காட்டி முறையாக ஏறி இறங்குதலின் இப்பிழை நெடுங்காலம் மறைந்திருக்கும். பொருள் பழுதாகும்போதே வெளிப்படும்.

மூன்றாவது, குறுஞ்சுற்று. இரு கம்பிகளும் வழியில் ஒன்றையொன்று தொடின், உலையின் வெப்பநிலைக்கு மாறாகத் தொட்ட இடத்தின் வெப்பநிலையே காட்டப்படும். இதுவும் முதலாவதைப் போலவே வெப்பத்தை அடங்காது பெருகச் செய்யும்.

சோதனையை ஒழுங்காகச் செய்தல் வேண்டும். முதலில் மின்வழங்கலைத் துண்டித்து, பிறர் மீள இணையாவாறு ஆளியைப் பூட்டுக. வெப்பவேற்றியின் சுற்றைத் தனியே விலக்கியபின், கருவிக்கு மட்டும் மின்னூட்டி, அதன் உள்ளீட்டு முனைகளைச் சிறு கம்பியால் இணைக்க. அம்முனைகளின் வெப்பநிலை காட்டப்படின் கருவி பெரும்பாலும் நன்று. பின்னர் வெப்பவிணையை மீள இணைத்து அதன் நுனியை மெல்லச் சூடாக்குக, காட்டி ஏறவேண்டும். கம்பியின் நிறத்தில் ஐயமெனின் காந்தத்தை அணுக்குக. அறை வெப்பநிலையில் அலுமெல் ஈர்க்கப்படும், குரோமெல் ஈர்க்கப்படாது.

இத்துணையும் செய்தபின்னும் ஒன்று எஞ்சும். மேலெல்லை வெட்டி தனக்கெனத் தனி வெப்பவிணையும் தனித் தொடுகையியும் உடையதாதல் வேண்டும். ஒரே வெப்பவிணையை இரண்டும் நம்பின், அது பொய்த்தவிடத்து இரண்டும் பொய்க்கும். காவலன் கண் வேறாயிருத்தலே காவலாம். கருவியைக் குறைகூறுமுன் கம்பியைத் தொடர்ந்து சென்று நோக்குதலே அறிவுடையார் செயல்.