ஆங்கில எனாமற் சிமிழ்கள்

நம் இல்லங்களில் ஒரு காலத்திற் பெரிதும் வழங்கிய எனாமற் கோப்பையையும் தட்டையும் அறியாதார் இலர். கைதவறி அவை நிலத்தில் வீழுமிடத்து, ஓரத்து வெண்பூச்சுச் சிதறி உள்ளிருக்கும் கரிய இரும்பு வெளிப்படுதலையும் நாம் கண்டுள்ளோம். அப்பூச்சு வண்ண மையன்று. உலோகத்தின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடியே அஃது. இக்கண்ணாடிப் பூச்சினை இரும்பின்மேலன்றிச் செப்புத் தகட்டின்மேல் இட்டு, உள்ளங்கையில் அடங்கும் எழிலார்ந்த சிமிழ்களை 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கைவினைஞர் ஆக்கினர். அவை இன்று நூதனசாலைகளிலும், பழம்பொருள் தொகுப்போர் மனைகளிலும் இடம்பெற்றுள்ளன. அவை தோன்றிய வகையினையும், அவைபற்றி நெடுங்காலம் நிலவிய ஒரு பிழைக் கருத்தினையும், உண்மை தெரிந்து அவற்றைத் தொகுக்கும் முறையினையும் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்காலத்து ஐரோப்பியப் பிரபுக்கள் மூக்குத்தூளைப் பொன்னாலும் பீங்கானாலும் இயன்ற சிமிழ்களில் வைத்திருந்தனர். ஒருவரை ஒருவர் சந்திக்குமிடத்துச் சிமிழைத் திறந்து நீட்டுதல் நன்மரபாகக் கொள்ளப்பட்டது. நம்மவர் வெற்றிலைத் தட்டம் வைத்து உபசரித்தலை இஃது ஒக்கும். வணிகத்தாலும் கைத்தொழிலாலும் உயர்ந்துவந்த நடுத்தர மக்களும் அவ்வழக்கினை மேற்கொள்ள விரும்பினர். ஆயின், பொற்சிமிழ் வாங்கும் வளம் அவர்க்கில்லை. அவர்தம் விருப்பத்தை நிறைவேற்ற எழுந்ததே செப்பின்மேல் எனாமல் இடும் தொழிலாகும். மூக்குத்தூட் சிமிழ்களுடன், அம்மைத் தழும்பை மறைப்பதற்கும் அழகு செய்வதற்குமாக மாதர் முகத்தில் ஒட்டிக்கொண்ட கரும்பட்டுப் பொட்டுக்களை வைக்கும் சிமிழ்களும் தோன்றின. இவற்றின் மூடியினுள்ளே சிறியதொரு கண்ணாடி பதிக்கப்பட்டிருக்கும். பறவை, விலங்கு வடிவிலமைந்த இனிப்புச் சிமிழ்கள், ஊசியும் கத்தரிக்கோலும் வைக்கும் கூடுகள், நறுமணக் குப்பிகள், மெழுகுதிரித் தண்டுகள் என்பனவும் ஆக்கப்பட்டன. தேயிலைப் பெட்டிகள் இரண்டும் சர்க்கரைப் பெட்டி ஒன்றும் சேர்ந்து, பூட்டுடன் கூடிய பேழையினுள் வைக்கப்படுதலும் உண்டு. இலங்கையில் தேயிலை பெருந்தோட்டப் பயிராகத் தொடங்கப்பட்டது 1867இலேயாதலின், அப்பெட்டிகளில் இருந்தது சீனத்துத் தேயிலையே என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, அவை செய்யப்பட்ட முறையை நோக்குவோம். முதலில் மெல்லிய செப்புத் தகடு வேண்டிய வடிவிற்கு வளைக்கப்படும். மணற்சத்து, காரம், ஈய ஒட்சைட்டு ஆகியவற்றை உருக்கிப் பெற்ற கண்ணாடியுடன் வெள்ளீய ஒட்சைட்டுச் சேருமிடத்து, அஃது ஒளி ஊடுருவாத வெண்ணிறம் பெறும். இதனைப் பொடியாக அரைத்து, நீரிற் குழைத்துத் தகட்டின்மேற் பூசி, உலர்ந்தபின் ஏறக்குறைய 800 பாகை செல்சியசு வெப்பமுள்ள சூளையில் வைப்பர். சில நிமிடங்களில் பொடி உருகிச் செப்புடன் ஒன்றிவிடும். சூடாறுங்கால் செம்பு கண்ணாடியிலும் மிகுதியாகச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு கோணும்; பூச்சும் வெடிக்கும். அதனாலேயே சிமிழின் உட்புறத்தும் எனாமல் இடப்படுகின்றது. வெண்பூச்சின்மேல் உலோக ஒட்சைட்டுக்களாலாகிய நிறங்கள் தீட்டப்படும். நீலத்திற்குக் கோபாற்றும், பசுமைக்குச் செம்பும், இளஞ்சிவப்பிற்குப் பொன்னும் உதவின. நிறங்கள் யாவும் ஒரே வெப்பத்தைத் தாங்கா. ஆதலின் மிக்க வெப்பம் வேண்டுவதை முன்னும் குறைந்த வெப்பம் வேண்டுவதைப் பின்னுமாக வைத்துப் பன்முறை சூளையிடுவர். ஒவ்வொரு முறையும், அதுவரை செய்த வேலை முழுவதும் பாழாகும் அச்சம் உண்டு. இறுதியிற் பொன்முலாம் பூசிய விளிம்பும் கீலும் பொருத்தப்படும்.

கைத்திறன் மிக்க ஓவியர் ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனியே படம் தீட்டுவாராயின் சிமிழின் விலை உயரும். இவ்விடர் நீங்க உதவியது படிமாற்று அச்சு முறையாகும். செதுக்கிய செப்புத் தட்டில் ஒட்சைட்டு மையைத் தடவி மெல்லிய தாளிற் படியெடுத்து, அத்தாளை எனாமலின்மேல் ஒற்றிச் சூளையிட்டால் படம் நிலைபெறும். அதன்மேற் கையால் நிறந் தீட்டுதல் எளிது. அயர்லாந்தைச் சேர்ந்த செதுக்கோவியரான ஜோன் புரூக்ஸ் என்பார் 1751இல் பேர்மிங்காமிலிருந்து இம்முறைக்குத் தனியுரிமை வேண்டி விண்ணப்பித்தார். அஃது அவர்க்குக் கிடைத்திலது.

பின்னர் அவர் இலண்டன் சென்று, ஸ்ரீபன் தியடோர் ஜான்சன் என்னும் வணிகருடன் சேர்ந்தார். 1754இல் இலண்டன் நகரபிதாவாகத் தெரிவுசெய்யப்பட்டவர் இவரே. தேம்சு நதிக்கரையில் பற்றர்சி என்னுமிடத்து யோர்க் மாளிகையில் 1753இல் இவர்களின் தொழிற்சாலை தொடங்கிற்று. பிரெஞ்சுச் செதுக்கோவியர் ரவனே தந்த படங்களால் அதன் புகழ் ஓங்கிற்று. எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1755இல் தம் நண்பர்க்குப் புதுத்தொழிலின் மாதிரியாகப் பற்றர்சிச் சிமிழொன்றை அனுப்பினார் என அவர் கடிதத்தால் அறிகின்றோம். ஆயின், 1756இல் ஜான்சன் கடனாளியாகி முறிந்தார், தொழிற்சாலையும் மூடப்பட்டது. மூன்றாண்டளவே அது நிலவிற்று.

ஈண்டு வியத்தற்குரிய செய்தி யாதெனில், மூன்றாண்டு வாழ்ந்த அத்தொழிற்சாலையின் பெயரே ஆங்கில எனாமற் பொருள்கள் அனைத்திற்கும் பெயராக நூறாண்டுக்கு மேல் வழங்கியமையாகும். சிமிழ்களிற் செய்தோர் குறி பெரும்பாலும் இல்லை. ஆதலின் விற்போர் புகழ்பெற்ற பெயரைச் சூட்டினர்; வாங்குவோரும் அதனை விரும்பி ஏற்றனர். ஆனால், அச்சிமிழ்களே அப்பெயரை மறுத்துநின்றன. மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் 1789இல் நோய் நீங்கியமையைக் கொண்டாடும் சிமிழ்கள் உள. 1805இல் திரபல்காரிற் பெற்ற வெற்றியையும் நெல்சனின் மறைவையும் குறிக்கும் சிமிழ்களும் உள. 1756இல் மூடிய தொழிற்சாலை இவற்றைச் செய்தல் எங்ஙனம்? இவ்வினாவை எழுப்புதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. மூடியிலுள்ள எழுத்தைப் படித்தாலே போதும்.

உண்மையில் இத்தொழில் செழித்த இடங்கள் பேர்மிங்காமும், அதன் அயலிலே தென் ஸ்ரபோட்ஷயரிலுள்ள பில்ஸ்ரன், வென்ஸ்பரி என்னும் ஊர்களுமேயாம். பொத்தான், கொளுவி முதலிய சிறு உலோகப் பொருள்களைச் செய்யும் பட்டறைகள் அங்கே மலிந்திருந்தன. நிலக்கரியும் அருகே கிடைத்தது. பிக்லி, யார்ட்லி முதலிய குடும்பங்களும், பெயரறியப்படாத எத்துணையோ தொழிலாளரும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இதனை வளர்த்தனர். நீரூற்று நகரங்களுக்குச் சென்றோர் நினைவுப் பொருளாக வாங்கிய, ஊர்ப்பெயரும் அன்புமொழியும் பொறித்த சிறு சிமிழ்கள் இவர்கள் கைவண்ணமே. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொழில் நலிந்து மறைந்தது. தனியுரிமை விண்ணப்பங்களை ஆராய்ந்து வற்னி, சார்ள்ஸ்ரன் என்னும் அறிஞர் இருவர் 1966இல் வெளியிட்ட கட்டுரை, பேர்மிங்காமின் பங்கினை நிலைநாட்டிற்று.

இச்சிமிழ்களைத் தேடிச் சேர்த்தோருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் சார்லட் ஷ்ரைபர் சீமாட்டியார் (1812–1895) ஆவர். வேல்சு மொழிப் பழங்கதைகளை ஆங்கிலத்திற் பெயர்த்த அவ்வம்மையார், தம் கணவருடன் ஐரோப்பிய நகரங்களெங்கும் சென்று கடை கடையாகத் தேடினார். கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். கணவர் 1884இல் இறந்தபின், அவர் நினைவாகத் தம் ஆங்கிலப் பீங்கான், எனாமல், கண்ணாடித் தொகுதியை இலண்டன் சவுத் கென்சிங்ரன் நூதனசாலைக்கு அளித்தார். இன்று விக்ரோறியா அல்பேட் நூதனசாலை என வழங்குவது அதுவே. தொகுத்தவர் மறைந்தபின்னும் தொகுதி கற்போர்க்குப் பயன்படுதல் இத்தகைய கொடையினாலன்றோ?

தொகுக்கப் புகுவோர் நோக்கவேண்டியன சில உள. பாரிசில் 1845இல் தொடங்கப்பட்ட சம்சன் தொழிலகம் பழஞ்சிமிழ்களின் படிகளைப் பெருந்தொகையாகச் செய்தது. இங்கிலாந்திலும் 1970 முதல் இக்கலை புத்துயிர் பெற்றுப் புதுச்சிமிழ்கள் செய்யப்பட்டன. இவை தம்மளவிற் குற்றமுடையனவல்ல. பழமையெனக் கூறி விற்றலே குற்றமாகும். ஆதலின் உருப்பெருக்கு வில்லையால் படத்தை நோக்குக. செப்புத் தட்டிற் செதுக்கிய கோடுகள் தெளிவாகத் தோன்றுதல் வேண்டும். கீலும் விளிம்பும் நெடுநாட் பயன்பாட்டால் தேய்ந்துள்ளனவா எனக் காண்க. மயிரிழை போன்ற வெடிப்புக்கள் பழம்பொருளில் இயல்பானவை. மாசுமறுவற்ற சிமிழே ஐயத்திற்குரியது. உடைந்த இடத்தைச் சாயத்தால் மறைத்திருப்பின் அப்பகுதி கண்ணாடிபோற் குளிர்ந்திராது. ஊதாக் கடந்த ஒளியில் வேறு நிறமாகத் தோன்றும். வாங்கிய சிமிழை நீரில் ஆழ்த்துதல் ஆகாது. வெடிப்பின் வழியே ஈரம் புகுந்தாற் செம்பு களிம்பேறி எனாமலைத் தள்ளிவிடும். மெல்லிய துணியால் துடைத்து, வெயிலும் அடுப்பின் வெம்மையும் படாத இடத்தில், சிறுவர் கைக்கு எட்டாத தட்டில் வைத்தல் நன்று.

யாவற்றினும் மேலாக, ஒவ்வொரு சிமிழுக்கும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். எங்கே, எப்பொழுது, என்ன பெயராற் பெற்றோம் என்பதுடன், அப்பெயர்க்குச் சான்று யாது என்பதையும் அதில் எழுதுதல் வேண்டும். சான்று இல்லையேல் அவ்விடத்தை வெறுமையாக விடுதலே நேர்மை. புகழ்பெற்ற பெயரொன்றை நிரப்பிவிட விழைந்தமையாலன்றோ, பில்ஸ்ரன் சூளைகளின் முன் நின்று வெந்தோர் உழைப்பெல்லாம் பற்றர்சியின் கணக்கில் நூறாண்டு எழுதப்பட்டது? அலமாரியை அழகுசெய்வதோடு நின்றுவிடாது, செய்தவர்க்கு உரிய பெயரைச் செய்தவர்க்கே மீட்டளிக்குமாயின், பழம்பொருள் தொகுத்தல் பொழுதுபோக்கு என்னும் நிலையினின்றும் உயர்ந்து அறிவுத்துறையாக விளங்கும் என்பதில் ஐயமில்லை.