ஒட்டுத் தையலில் நிறத்தின் ஆட்சி

முன்னேச்சரத் தேர்த்திருவிழாவில் தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு முதலிற் புலப்படுவது தேரின் சிற்பமன்று. அதனைப் போர்த்த சீலையின் நிறமே. எனினும் சிற்பியைப் போற்றும் உலகம், சீலை தைத்தவனை வெறுந் தையற்காரனாகவே விட்டுவிடுகின்றது. ஓவியனுக்கில்லாத தடையொன்று அவனுக்குண்டு. ஓவியன் நிறங்களைக் குழைத்து மாற்றலாம். துணியின் நிறமோ குழையாது. தையற்காரன் மாற்றத்தக்கது அதன் அயலை மட்டுமே.

இதற்குச் சிறந்த சான்று ஒடிசாவிலுள்ள பூரித் தேர்கள். மூன்று தேர்ச்சீலைகளுக்கும் சிவப்புப் பொது. ஜகந்நாதரின் 16 சக்கரத் தேரில் மஞ்சளும், பலபத்திரரின் 14 சக்கரத் தேரில் பச்சையும், சுபத்திரையின் 12 சக்கரத் தேரில் கறுப்பும் அதனோடு சேரும். சிவப்பு மூன்றையும் ஒரு குடும்பமாக்க, இரண்டாம் நிறம் இன்னார் தேரென எழுத்தறியாதார்க்கும் உணர்த்துகின்றது. அன்றியும், அச்சிவப்பு மூன்றிடத்தும் ஒரே சிவப்பாகத் தோன்றுவதில்லை. பச்சையின் அருகே அது கொதிக்கும்; கறுப்பின் நடுவே கனலும்; மஞ்சளருகே சற்று ஆழ்ந்து அடங்கும்.

இதன் காரணத்தை விளக்கியவர் செவ்ருல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர். பாரிஸ் நகரத்துக் கொபெலென் நெசவாலையிற் சாயப் பகுதியை 1824 முதல் மேற்பார்த்த அவரிடம், கறுப்பு நூல் மங்கலாயிருக்கின்றதென முறைப்பாடு வந்தது. குற்றம் சாயத்திலன்று, அயலிலிருந்த நீலத்திலும் ஊதாவிலுமே எனக் கண்ட அவர், அவ்வாராய்ச்சியை 1839இல் நூலாக்கினார்.

நிறத்தினும் முந்தியது ஒளியளவு. சிவப்பும் பச்சையும் ஒரே அளவு இருண்டிருப்பின், எட்ட நிற்பவர்க்கு இரண்டும் கலங்கி, வெட்டிய உருவம் மறையும். இடையே ஒரு வெள்ளைக் கீற்று வைத்தால் உருவம் எழும். கண்ணை அரைவாசி மூடிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்; தையல் வகுப்புகளில் இச்சிறு சோதனையைக் கற்பிப்போர் அரியர். நிறங்களைக் கூட்டினால் அழகு கூடுமென எண்ணிப் பளபளக்கும் துணிகளை அடுக்குவோரே பலர்.

கருநாடகத்து வடகன்னடப் பகுதியில் வாழும், ஆபிரிக்க வழிவந்த சித்திப் பெண்கள், நிறத்தை விலைகொடுத்து வாங்குவதில்லை. வீட்டார் உடுத்துக் கிழிந்தவையே அவர்களின் ‘கவந்த்’ என்னும் போர்வைக்கு மூலப்பொருள். ஆதலின் எத்துண்டை எங்கே வைப்பதென்பதிலேயே அவர்தம் புலமை முழுதும் தங்குகின்றது. ஓரத்திலே தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்து வருவர். நான்கு மூலைகளிலும் ‘பூ’வெனப் பெயரிட்ட சிறு முக்கோணத் துண்டுகளை மடித்து வைத்துத் தைத்த பின்னரே போர்வை முடிந்ததாகக் கொள்வர், அவையில்லாத போர்வை ஆடையற்றதென்பது அவர்கள் வழக்கு.