மௌண்ட் பையூ: ஒரு சிற்றூரின் கணக்கு

அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாகாணத்துப் பருத்திச் சீமையிலே மௌண்ட் பையூ என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2000-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி அங்கு வசித்தவர்கள் 2,102 பேர். 2010-இல் 1,533 பேர். நூற்றுக்கு 98 பேர் கறுப்பின மக்கள். முந்திய கணக்கின்படி, வருமான வரிசையில் நடுவே நிற்கும் குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சுமார் 18,000 டாலர்தான் வருவாய். தேச முழுமைக்கும் அத்தொகை சுமார் 42,000 டாலர். ஊராரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் வறுமையில் உழன்றனர். இனத்தையும் வருவாயையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுவிட்டுச் சர்க்கார் கணக்கர் பேனாவை வைத்துவிடுகிறார். படிக்கும் அவசரக்காரரோ முன்னதே பின்னதற்குக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். இவ்வூரின் சரித்திரம் அத்தீர்ப்புக்கு இடங்கொடுக்கவில்லை.

1887-இல் இவ்வூரை ஸ்தாபித்தவர் ஐஸையா மாண்ட்கோமரி, அடிமையாகப் பிறந்தவர். அடிமை முறை ஒழிந்தபின், தம்மை அடிமை கொண்டிருந்த பண்ணையையே அவர் தந்தையார் கடனுக்கு வாங்கி நடத்தினார். வெள்ளமும் பருத்தி விலை வீழ்ச்சியும் சேர்ந்து அதைப் பறித்துக்கொண்டன. மகனார் ரயில்வே கம்பெனியிடம் காட்டு நிலம் வாங்கினார். தம்மவரைத் திரட்டி, மரம் வெட்டி, ஊர் சமைத்தார். ஊராட்சி முழுவதும் கறுப்பர் கையில் இருந்தது. 1904-இல் சொந்த பாங்கி தோன்றிற்று. 1912-இல் பருத்திவிதை எண்ணெய் ஆலையைப் புக்கர் வாஷிங்டன் திறந்து வைத்தார். இதே இனத்தார், இதே மண்ணிலேதான் இவ்வளவும் செய்தார்கள்!

பாங்கி 1914-இல் முறிந்தது. 1920-இல் பருத்தி விலை சில மாதங்களுக்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. விளைச்சலை ஈடு வைத்துக் கடன் வாங்கியவன் நிலத்தைக் காப்பது எங்ஙனம்?

நாம் பெரிதும் யோசிக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. 1890-இல் மாகாண அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடிய சபையில் 134 பிரதிநிதிகள். அவர்களுள் கறுப்பர் மாண்ட்கோமரி ஒருவரே. வோட்டுப் போட இரண்டு டாலர் தலைவரி கட்ட வேண்டும்; சட்டத்தின் ஒரு பிரிவைப் படிக்கவாவது, படிக்கக் கேட்டுப் பொருள் சொல்லவாவது வேண்டும் என்று ஷரத்து வந்தது. தேறியவர் யார் என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. அந்த ஷரத்தை மாண்ட்கோமரி ஆதரித்துப் பேசினார்! வோட்டை விட்டுக்கொடுத்தால் நிலமும் தொழிலும் நிம்மதியாக வளரும் என்பது அவர் எண்ணம். அவருடைய நோக்கத்தை நாம் சந்தேகிக்கவில்லை. தம் ஊரைக் காக்கவே அப்படிச் செய்தார் என்று கொள்வோம். ஆனால் வோட்டு இல்லாதவனுடைய பள்ளிக்கும் சாலைக்கும் எந்த மாகாண சபை பணம் ஒதுக்கும்? 1964-இல்கூட மிஸிஸிப்பியில் வோட்டர் ஜாபிதாவில் பதிவான கறுப்பர் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. 1965-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே அக்கதவு திறந்தது.

இடைக்காலத்திலும் ஊரார் கை கட்டி இருக்கவில்லை. ஏழை மக்களின் சகோதர சங்கம் ஒன்று சிறு சிறு சந்தா சேர்த்து 1942-இல் டபோரியன் ஆஸ்பத்திரியைத் திறந்தது. 1955-இல் எம்மட் டில் என்ற சிறுவனின் கொலை வழக்கு நடந்தபோது, கறுப்பினப் பத்திரிகை நிருபர்களுக்கும் சாட்சிகளுக்கும் அச்சமின்றித் தங்க இவ்வூரிலே இடம் கிடைத்தது. 1967-இல் அமைந்த டெல்டா சுகாதார நிலையத்தின் வைத்தியர்கள், பசியால் வாடிய குழந்தைகளுக்குப் பாலும் இறைச்சியும் காய்கறியும் மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார்கள். கடைக்காரருக்குப் பணம் மருந்துக் கணக்கிலிருந்து போயிற்று. மேலதிகாரிகள் ஆட்சேபித்தபோது, பட்டினிக்கு மருந்து உணவுதான் என்று வைத்திய நூல் சொல்வதாகப் பதில் வந்தது. டபோரியன் ஆஸ்பத்திரி 1983-இல் மூடப்பட்டது. சுகாதார நிலையம் இன்றும் நடக்கிறது.