வலசைப் பறவைகளும் காற்றாலைகளும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த வல்லார்பாடம் தீவு வேம்பநாட்டுக் காயலில் அமைந்துள்ளது. 2002-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இக்காயற் பிரதேசத்திற்கு ஆண்டுதோறும் வட ஆசியாவிலிருந்து நீலச்சிறகி வாத்துகளும் உள்ளான்களும் பனிக்காலத்தைக் கழிக்க வருகின்றன. இத்தகைய பறவைகளின் ஆகாய மார்க்கத்தில் தற்காலத்தில் தோன்றியுள்ள புதிய தடைகளுள் ஒன்று காற்றாலை.

நிலக்கரியை எரிக்காமல் மின்சாரம் பெறுவதற்குக் காற்றாலைகள் இன்றியமையாதவை. எனினும் அவற்றால் பறவைகளுக்கு ஆபத்து உண்டு. பெரிய யந்திரத்தின் அலகுகள் மெதுவாகச் சுழல்வனபோல் காணப்படினும், அவற்றின் நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லக்கூடும். கழுகு, பருந்து போன்றவை மலைச்சரிவில் மேலெழும் காற்றைப் பற்றி மிதந்து செல்பவை. காற்று மிகுந்த அதே சரிவுகளைத்தான் பொறியியலாளரும் விரும்புகின்றனர். மின்கம்பிகளும் அபாயகரமானவை. பாரமான உடலும், நேர் முன்னே நன்கு காணவியலாத கண்களும் உடைய கானமயில் கம்பிகளில் மோதி மடிவதால், அவற்றைப் பூமிக்கடியில் பதிக்குமாறு 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாணை 2024-இல் மாற்றியமைக்கப்பட்டது.

இத்தீங்கைக் குறைக்கும் உபாயங்கள் பல நாடுகளில் பரீட்சிக்கப்பட்டுள்ளன. ஸ்பெயினில் தரீபா பிரதேசத்தில், கழுகுகள் நெருங்குவதைக் காவலர் கண்டவுடன் குறிப்பிட்ட யந்திரங்கள் நிறுத்தப்பட்டன. கழுகுகளின் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மின் உற்பத்தியில் நேர்ந்த நஷ்டமோ 0.07 சதவீதமே. நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு யந்திரங்களில் மூன்று அலகுகளுள் ஒன்றுக்குக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டது. அங்குப் பறவை மரணம் 70 சதவீதத்திற்கு மேல் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. யந்திரங்கள் சிலவேயாதலால் இம்முடிவைப் பிற இடங்களிலும் சோதித்தல் அவசியம். நெதர்லாந்தில் 2023 மே மாதம், பறவைக் கூட்டங்கள் வருமென்று முன்னறிந்து கடற் காற்றாலைகளை இரவில் நான்கு மணி நேரம் ஏறக்குறைய நிறுத்தியே வைத்தனர்.

தென்னிந்தியாவுக்கு ஓர் இயற்கையான அனுகூலம் உண்டு. வல்லார்பாடத்தின்மீது வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து உடுமலைப்பேட்டைப் பகுதியின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் யந்திரங்களும் அக்காற்றையே நம்பியுள்ளன. ஆகவே தமிழ்நாட்டுக் காற்றாலை மின்சாரத்தில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரை கிடைக்கிறது. வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை அக்டோபர் அளவில் வந்து, ஏப்ரலுக்குள் திரும்பிவிடுகின்றன. அவற்றின் போக்குவரத்துக் காலத்தில் சில யந்திரங்களைச் சில மணி நேரம் நிறுத்துவதால் ஏற்படும் நஷ்டம் சொற்பமாகவே இருக்கும். முன்கூட்டியே வரும் கரைப்பறவைகளின் பொருட்டு ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்டு முழுவதும் இங்கேயே வாழும் பறவைகளுக்கு இந்த அனுகூலம் இல்லை. அவற்றைக் காக்க, யந்திரம் நிறுவும் இடத்தைத் தகுந்தவாறு தேர்ந்தெடுப்பதே வழி.

எந்நாளில், எவ்வழியே பறவைகள் செல்கின்றன என்பதை அறிந்தாலன்றி இம்முறை பயன்தராது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-இல் ஆரம்பித்த, பறவைகளின் காலில் வளையமிடும் ஆராய்ச்சியும், பிற்காலத்தில் கோடியக்கரையில் நடைபெற்ற ஆராய்ச்சியும் இவ்வறிவுக்கு அடிப்படையாயின. இனி ராடார் கருவியும் உடன் வேண்டும். ஏனெனில் 2015-இல் இந்திய அரசு கடற் காற்றாலைக் கொள்கையை வெளியிட்டது. குஜராத் கரையும் தமிழ்நாட்டுக் கரையும் அதற்கேற்ற இடங்களாகக் கருதப்படுகின்றன. நிலத்தில் மடிந்த பறவையை எண்ணிப் பார்க்கலாம். கடலில் வீழ்ந்ததை அலை கொண்டுபோய்விடும். ஆதலால், யந்திரங்களை நாட்டுவதற்கு முன்பே பறவைகளின் பாதையை வரைபடத்தில் குறித்தல் வேண்டும். நாட்டிய கோபுரத்தைப் பெயர்ப்பது அரிது. வரைபடத்தில் ஒரு புள்ளியை நகர்த்துவது எளிது.