பாதியில் நின்ற மருத்துவப் படிப்பு

2022 பிப்ரவரி 26, சனிக்கிழமை இரவு. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டிலிருந்து கிளம்பிய ஏர் இந்தியா விமானம் மும்பையில் இறங்கியபோது, உக்ரைனிலிருந்து தப்பிய 219 இந்தியர்கள் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். போர் தொடங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. வான்வெளி மூடப்பட்டுவிட்டதால் தரைவழியாக எல்லை கடந்து வந்தவர்கள். ‘ஆபரேஷன் கங்கா’வின் முதல் விமானம் அது. மொத்தமாகச் சுமார் 22,500 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள்.

எல்லோரும் உயிரோடு திரும்பவில்லை. கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மாணவர் மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் இறந்தார். அவர் உடலைப் பெற்றோர் மருத்துவக் கல்லூரிக்கே தானமாகக் கொடுத்தார்கள்.

உயிரோடு வந்தவர்களின் படிப்பு என்ன ஆனது?

பல உக்ரைன் பல்கலைக்கழகங்கள் மார்ச் நடுவிலேயே இணையவழி வகுப்பைத் தொடங்கிவிட்டன. குண்டுவீச்சு எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கும் ஊரிலிருந்துகொண்டு பாடம் நடத்திய ஆசிரியர்களின் உறுதி பெரிது. கார்கிவ் பள்ளி ஆசிரியர்கள் 2023 செப்டம்பரிலிருந்து மெட்ரோ நிலையங்களுக்குள் வகுப்பெடுத்தார்கள். 2024 மே மாதம் நிலத்தடிப் பள்ளி ஒன்றே அங்கு திறக்கப்பட்டது. இலங்கைப் போரிலும் இப்படித்தான்: 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் மக்கள் இரவோடிரவாக வெளியேறியபோது, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே இடம்பெயர்ந்தார்கள். மரத்தடியிலாவது பாடம் தொடர்ந்தது.

மருத்துவத்துக்கு மரத்தடி போதாது. நோயாளியின் கட்டிலருகே நின்று கற்க வேண்டியதைக் கணினித் திரையில் கற்க முடியாது. விதியும் குறுக்கே நின்றது. வெளிநாட்டில் படிப்பவர் முழுப் படிப்பையும் ஒரே கல்லூரியில் முடித்தாக வேண்டும்; 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகள், அதன் பின் சேர்பவர்களுக்கு அதை 54 மாதப் படிப்பு, 12 மாதப் பயிற்சி என்று வரையறுத்தன. போர் வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை.

சலுகைகள் தவணை முறையில் வந்தன. 2022 ஜூன் 30-க்குள் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்ற இறுதியாண்டு மாணவர்கள், வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தகுதித் தேர்வை எழுதலாம் என்று ஜூலையில் ஆணையம் அறிவித்தது. செப்டம்பரில், மற்ற நாடுகளின் கல்லூரிகளில் படிப்பைத் தொடரலாம், பட்டத்தை உக்ரைன் கல்லூரியே தரும் என்றது. உஸ்பெகிஸ்தானின் சமர்கந்த் மருத்துவப் பல்கலைக்கழகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. இந்தியக் கல்லூரிகளில் இடமளிக்கச் சட்டத்தில் வழியில்லை என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. திரும்பிவந்த இறுதியாண்டு மாணவர்களில் எஞ்சியோருக்கு எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வெழுத இரண்டு வாய்ப்புகள் கிடைத்தது 2023 மார்ச்சில்தான். முதல் விமானம் இறங்கி அதற்குள் 13 மாதம் ஓடிவிட்டது. கல்விக்கடன் வாங்கிய வீடுகளில் வட்டி மட்டும் காத்திருக்கவில்லை. போரை மாணவர்கள் தொடங்கவில்லை. அவர்களுக்கான வழியை முதல் மாதத்திலேயே வகுத்திருக்க வேண்டும்.

இந்தியத் தனியார் கல்லூரிக் கட்டணம் எட்டாத குடும்பங்கள் வெளிநாட்டைத் தேடுவது நிற்கப்போவதில்லை. மும்பையின் தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அப்படி ஒரு முடிவெடுத்தால், ஏஜெண்ட் வாய்மொழியை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த நாட்டில் கலவரமோ போரோ வந்தால் கல்லூரி மாற அனுமதி உண்டா, கட்டிய பணம் திரும்புமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2021 விதிகளைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.