படகு டிரெய்லரின் கட்டைக்கு எந்தப் போர்வை?



சனிக்கிழமை விடியற்காலையில் நம் நாட்டுச் சாலைகளில் ஒரு காட்சியைக் காணலாம். முன்னால் ஒரு பிக்கப் வண்டி, பின்னால் ஒரு டிரெய்லர், அதன்மேல் ஒரு படகு. தூண்டில் போடும் நண்பர்கள் போர்ட்டிக்சன் கடலுக்கோ, திரெங்கானுவில் உள்ள கென்யிர் ஏரிக்கோ புறப்பட்டுவிட்டார்கள் என்று பொருள்.

அந்த டிரெய்லரைச் சற்றுக் குனிந்து பாருங்கள். இரும்புச் சட்டத்தின்மேல் நீளவாக்கில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். படகு அவற்றின்மேல்தான் அமர்ந்திருக்கிறது. இவற்றைத் தாங்குகட்டைகள் என்று சொல்லுவோம். இந்தக் கட்டைகளின்மேல் எதைப் போர்த்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். பழைய கம்பளம் ஒன்றைச் சுற்றி ஆணி அடித்தால் போதாதா என்று கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதனால் பட்ட பாட்டைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இயந்திரத்தோடு 500 கிலோ எடையுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அது நீரில் மிதக்கும்போது அடிப்பாகம் முழுவதையும் நீர் தாங்குகிறது. டிரெய்லரில் ஏறியதும் அதே எடை இரண்டு கட்டைகளின்மேல் விழுகிறது. கட்டை ஒவ்வொன்றும் இரண்டரை மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உடையது என்றால், இரண்டும் சேர்ந்து தாங்கும் பரப்பு 5,000 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம்தான் வருகிறது. இது பெரிய பாரம் அன்று. ஆனால் எடை ஒரே சீராகப் பரவினால்தான் இந்தக் கணக்கு சரி. ஓர் ஆணித் தலையோ ஒரு மணற்பருக்கையோ துருத்திக்கொண்டிருந்தால், பாரம் அந்த இடத்தில் குவிந்துவிடும். சாலையில் ஒவ்வொரு குழியிலும் வண்டி குதிக்கும்போது அது படகின் அடியைக் கீறும். ஆகவேதான் வெறுங்கட்டை ஆகாது, போர்வை தேவை என்கிறோம்.

சரி, எதைப் போர்த்துவது? கையால் தடவிப் பார்த்து, மெத்தென்று இருப்பதே நல்லது என்று முடிவு செய்வது நம் வழக்கம். அங்கேதான் தவறு தொடங்குகிறது. போர்வையிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நீரை என்ன செய்வாய்? மணலை என்ன செய்வாய்? படகை எவ்வளவு வழுக்க விடுவாய்?

முதலில் கம்பளத்தைக் கேட்போம். வீட்டில் விரிக்கும் கம்பளங்களில் பலவற்றுக்கு அடியில் சணலோ நுரையோ ஒட்டியிருக்கும். அவை நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சணல் அழுகியும் போகும். படகுக்கென்று விற்கப்படும் கம்பளம் வேறு. அதன் இழை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் செயற்கைப் பொருள். அரிசி மூட்டையாகப் பின்னப்படும் பிளாஸ்டிக் சாக்கும் அதே பொருள்தான். இழைக்குள் நீர் புகாது, அழுகாது. ஆயினும் இழைகளுக்கு இடையே நீர் தங்கும், மணலும் தங்கும். கடலிலிருந்து வந்தபின் நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடாவிட்டால், படகின் அடி உப்பு நீரிலேயே நாள் கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். கண்ணாடி இழைப் படகும் ஓயாத ஈரத்தில் கிடந்தால் மேற்பூச்சில் கொப்புளம் காணக்கூடும்.

அடுத்து ரப்பர். ரப்பர் மரங்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். பழைய டயரை வெட்டி அடித்துவிட்டால் காசும் மிச்சம்! ஆனால் ரப்பரின் குணம் பற்றிக்கொள்வது. சாலையில் டயருக்கு வேண்டிய அந்தக் குணமே இங்கே இடைஞ்சலாகிறது. படகு எளிதில் ஏறாது, இறங்காது; அடிப்பாகத்தில் கறுப்புக் கோடுகள் விழும். டயருக்குள் எஃகுக் கம்பியும் இருக்கிறது. ரப்பர் தேய்ந்ததும் அந்தக் கம்பி வெளியே வந்து கீறும். ரப்பருக்கு உரிய இடம் டிரெய்லரின் முன்முனை. படகின் மூக்கு வந்து முட்டி நிற்கும் இடத்தில் அது நன்றாக வேலை செய்யும்.

மூன்றாவது பிளாஸ்டிக் பட்டை. சமையலறையில் காய்கறி நறுக்கும் வெள்ளைப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். உயர் அடர்த்திப் பாலித்தீன் என்பது அதன் பெயர். அது நீரை உறிஞ்சாது, அழுகாது, மணலும் அதில் அதிகம் தங்காது. கனமான படகும் இலேசாக நகரும். பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் வெயிலில் நீளும். 3 மீட்டர்ப் பட்டை, வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீண்டுவிடும். எனவே திருகாணித் துளைகளைச் சற்று நீளமாக வெட்ட வேண்டும்; இல்லாவிட்டால் பட்டை புடைத்துக்கொள்ளும். திருகாணியின் தலை பட்டையின் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். ஆசிரிய நண்பர்கள் நால்வர் பங்கு போட்டு ஓர் அலுமினியப் படகும் பழைய டிரெய்லரும் வாங்கினோம். கட்டைகள் உளுத்திருந்தன. மரக்கடையில் பச்சை நிறம் ஏறிய, மருந்திட்ட கட்டைகள் கிடைத்தன. கறையான் தொடாது, மழைக்கும் தாங்கும் என்று மகிழ்ந்து வாங்கினோம். ஒருவர் வீட்டுப் பழைய கம்பளத்தை அவற்றின்மேல் சுற்றினோம். ஆறு மாதம் கடலுக்குப் போய் வந்தோம். ஒருநாள் படகைப் புரட்டிப் பார்த்தால், கட்டை பட்ட இடமெல்லாம் ஊசியால் குத்தியதுபோல் குழிகள்!

காரணம் நாங்களே வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் பாடந்தான். எலுமிச்சம் பழத்தில் ஒரு செம்புத் தகட்டையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் செருகினால் மின்சாரம் பிறக்கிறது அல்லவா? அப்போது துத்தநாகம் கரைகிறது. மரத்துக்குப் பச்சை நிறம் தந்த மருந்தில் செம்பு இருந்தது. அந்தச் செம்பு ஈரத்தில் கசிந்து வந்தது. கம்பளம் உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. துத்தநாகத்தின் இடத்தில் எங்கள் அலுமினியப் படகு இருந்தது. கம்பளம் போர்த்தினால் மரமும் உலோகமும் பிரிந்துவிடும் என்று எண்ணியது எங்கள் பிழை. நனைந்த கம்பளம் பிரிக்கவில்லை, அதுவே பாலமாகிவிட்டது.

ஆகவே அலுமினியப் படகு வைத்திருப்போருக்கு முதல் விதி இது: செம்பு மருந்திட்ட கட்டையின்மேல் கம்பளத்தை மட்டும் போர்த்தாதீர்கள். இயற்கையாகவே உறுதியான மரத்தைத் தேடுங்கள். திரெங்கானுப் படகுத் தச்சர்கள் பெயர்பெற்ற படகுகளைக் கட்டியது செங்கால் மரத்தில்தான். மருந்திட்ட கட்டைதான் கிடைத்தது என்றால், நீர் புகாத பிளாஸ்டிக் பட்டையை இடையில் வையுங்கள்.

நாங்கள் பிளாஸ்டிக் பட்டைக்கு மாறினோம். குழி விழுவது நின்றது. ஆனால் வேறோர் ஆபத்து வந்தது. கடற்கரைச் சரிவில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கும்போது, முன்பு செய்த பழக்கப்படி எங்களில் ஒருவர் மேலேயே விஞ்சின் வாரைக் கழற்றிவிட்டார். கம்பளமாக இருந்தபோது படகு அசையாது நின்றது. இப்போது அது கண் இமைக்கும் நேரத்தில் பின்னால் வழுக்கிக் கொங்கிரீட்டின்மேல் விழுந்தது. கயிற்றைப் பிடித்தபடி ஒரு நண்பரின் பத்து வயது மகன் அங்கே நின்றிருந்தான். அவன் காலுக்கும் படகுக்கும் இடையே ஒரு சாண் தூரந்தான் இருந்தது.

இதற்கும் கணக்கு உண்டு. எட்டடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், 500 கிலோப் படகு 60 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு கீழே இழுக்கப்படுகிறது. கம்பளத்தின் உராய்வு அதைப் பிடித்து நிறுத்தியது. ஈரமான பிளாஸ்டிக் விட்டுவிட்டது. ஆகவே வழுக்கும் போர்வையைத் தேர்ந்தெடுப்பவர் தம் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். படகின் பின்பகுதி நீரில் மிதக்கும்வரை வாரையும் பாதுகாப்புச் சங்கிலியையும் கழற்றக் கூடாது. படகுக்குப் பின்னால் எவரும் நிற்கக் கூடாது. பிள்ளைகள் சரிவிலேயே நிற்கக் கூடாது.

முடிவாக எதைத் தேர்ந்தெடுப்பது? இலேசான படகு, செங்குத்தான சரிவு, ஏரியின் நன்னீர் என்றால், செயற்கை இழைக் கம்பளம் போதும். கனமான படகு, சாய்வு குறைந்த சரிவு, உப்பு நீர் என்றால் பிளாஸ்டிக் பட்டை சிறந்தது. அடிப்பாகத்தில் ரிவெட்டுத் தலைகள் துருத்திய அலுமினியப் படகானால், அவை பட்டையைச் செதுக்குகின்றனவா என்று அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பளம் போர்த்துவோர் மேற்பரப்பில் ஆணியே அடிக்க வேண்டாம். ஓரங்களைக் கீழே மடித்து, கட்டையின் அடிப்பக்கத்தில், துருப்பிடிக்காத எஃகு ஊசிகளால் பொருத்துங்கள். அடிப்பக்கம் முழுவதையும் மூடாமல் நடுவில் இடைவெளி விடுங்கள், நீர் வடியட்டும். ஆண்டுக்கு ஒருமுறை கம்பளத்தின் ஒரு முனையைப் பிரித்து, கட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் அமிழ்ந்தால் கட்டை உளுத்துவிட்டது, மாற்றிவிடுங்கள். எந்தப் போர்வையானாலும், கடலிலிருந்து திரும்பிய அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

எங்கள் படகின் அடியில் அந்தக் குழிகள் இன்னும் இருக்கின்றன. பசையிட்டு அடைத்துவிட்டோம். அன்று கயிறு பிடித்து நின்ற சிறுவன் இப்போது மேலே, வண்டியின் பக்கத்தில் நிற்கிறான். படகு மிதந்த பிறகு, "வாரைக் கழற்றலாம், சார்!" என்று குரல் கொடுப்பது அவன் வேலை. அவன் சொல்லும்வரை எங்களில் எவரும் விஞ்சில் கை வைப்பதில்லை.