நிலம் 0.6%... ராணுவத் தளங்கள் 70%! - ஒகினாவா மக்களின் ஓயாத போராட்டம்

பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு. திடீரென வானிலிருந்து ஹெலிகாப்டரின் ஜன்னல் ஒன்று வந்து விழுகிறது!

2017 டிசம்பரில், ஜப்பானின் ஒகினாவா தீவில் நடந்தது இது. ஃபுடென்மா அமெரிக்க விமானத் தளத்துக்கும் அந்தத் தொடக்கப் பள்ளிக்கும் இடையே இருப்பது ஒரு வேலி மட்டுமே. அதன் பிறகு பல மாதங்களுக்கு, விமானம் நெருங்கும்போதெல்லாம் விளையாட்டை நிறுத்திவிட்டு ஓடி ஒதுங்கினார்கள் பிள்ளைகள்.

ஜப்பான் நிலப்பரப்பில் ஒகினாவா வெறும் 0.6 சதவிகிதம். ஆனால், அந்நாட்டில் அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் சுமார் 70 சதவிகிதம் இங்கேதான் இருக்கிறது. 1945 போரில் நான்கில் ஒருவரைப் பறிகொடுத்த தீவு இது.

துப்பாக்கி வெடிக்காமலேயே, சட்டமும் அமைப்புகளும் ஒரு தரப்பை மட்டும் தொடர்ந்து வதைப்பதை 'கட்டமைப்பு வன்முறை' என்றார், நார்வே அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங். 1969-ல் அவர் சொன்னதற்கு ஒகினாவா கண்கூடான சாட்சி.

ஃபுடென்மாவைத் திருப்பித் தர 1996-ல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், மாற்றுத் தளமும் அதே தீவின் ஹெனோகோவில்தான்! அதற்காகக் கடலை நிரப்புவது குறித்து 2019-ல் வாக்கெடுப்பு நடந்தது. 'வேண்டாம்' என்றவர்கள் சுமார் 72 சதவிகிதம். அந்த முடிவு அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதால், பணி நிற்கவில்லை. திட்ட மாற்றத்துக்கு ஆளுநர் மறுத்த அனுமதியை, நீதிமன்றத் தீர்ப்பின் துணையோடு 2023 டிசம்பரில் மத்திய அரசே வழங்கியது.

ஹெனோகோ கடற்கரையில் 2004-ல் போட்ட போராட்டப் பந்தலில், போரைக் கண்ணால் கண்ட முதியவர்களும் வந்து அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றைத்தான்... 'நாட்டின் பாதுகாப்புக்கு எப்போதும் நாங்களே விலை கொடுக்க வேண்டுமா?'